வாத்துக் கூட்டுக்கு யார் காவல்?

கிழக்கிந்தியக் கிராமங்களில் வீட்டுப் பெண்களின் சேமிப்பு இரவோடு இரவாகக் களவு போகிறது. திருடனைக் கொல்ல விஷமும் மின்கம்பியும் தேடுகிறவர்கள், கூட்டின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்ப்பதில்லை.

மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டக் கிராமங்களில் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம்தான் கேட்கும். "சொய்... சொய்... சொய்..." கையில் ஒரு பிடி நெல்லோடு குளக்கரையில் நிற்கும் பெண்கள் வாத்துகளைக் கூப்பிடுகிறார்கள். அதுவரை காது கேளாதவைபோல மிதந்துகொண்டிருந்தவை ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசையாக வீட்டுக்கு நடக்கும். எண்ணி உள்ளே விட்டு, கதவுக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழியைச் செருகினால் அன்றைய வேலை முடிந்தது. எட்டு உள்ளே போயின. மறுநாள் காலை எட்டும் வெளியே வரும் என்பதற்கு மட்டும் உத்தரவாதமில்லை.

புலி ஒரு மாட்டை அடித்தால் பத்திரிகையில் செய்தி வரும். யானை ஒரு வீட்டை இடித்தால் அதிகாரி வருவார். நரி மூன்று வாத்தைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் வருவதில்லை. வன விலங்கால் ஏற்படும் இழப்புக்கு அரசாங்கம் தரும் உதவித் தொகை பெரும்பாலும் மாடு, எருமை, ஆடு என்ற அளவிலேயே பேசப்படுகிறது. வாத்துக்கும் உண்டு என்று யாராவது சொன்னாலும், மனு எழுதி, சாட்சி தேடி, பஸ் பிடித்து வன அலுவலகம் போய்வரும் செலவு வாத்தின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே கணக்கு வீட்டுக்குள்ளேயே முடிகிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் பெண்ணுடையது.

வாத்து முட்டை விற்ற காசு ஆண்களின் கைக்குப் போவதற்கு முன்பே நோட்டுப் புத்தகமாகவும் இருமல் மருந்தாகவும் மாறிவிடும். வங்கத்துச் சந்தைகளில் கோழி முட்டையைவிடப் பெரிதான வாத்து முட்டைக்கு எப்போதுமே ஒரு படி கூடுதல் மரியாதை. அசாமில் கல்யாணப் பூசணி சேர்த்து வைக்கும் வாத்துக் கறி இல்லாமல் விருந்து நிறையாது. 2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த வாத்துகள் மூன்று கோடிக்கும் மேல். வாத்து வளர்ப்பில் மேற்கு வங்கமும் அசாமும் முன்னணியில் நிற்கின்றன. அதே கணக்கெடுப்பில் கொல்லைப்புறக் கோழி, வாத்து இனங்களின் மொத்த எண்ணிக்கை 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட ஏறக்குறைய 46 சதவீதம் அதிகம். பண்ணைகளின் பெருக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எண் ஓர் ஆச்சரியம்.

பெருகியவை பறவைகள். அவற்றின் கூடுகளோ பழையபடியேதான். மூங்கில் பிளாச்சு, களிமண் சுவர், தகரத் துண்டு, ஒரு சாக்கு. குஞ்சு கொடுக்கும் விழாவில் மேடை உண்டு, போட்டோ உண்டு. அந்தக் குஞ்சு இரவில் எங்கே தூங்கும் என்ற கேள்வி பெரும்பாலும் பயனாளியின் தலையில்தான் விழுகிறது.

கோழியைவிட வாத்துக்கு ஆபத்து அதிகம். காரணம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. இருட்டினால் கோழி மரத்திலோ உத்தரத்திலோ ஏறிக்கொள்ளும். வாத்துக்கு அந்த வழக்கம் கிடையாது. தரையில் படுக்கும். வீட்டு வாத்து இனங்களில் மஸ்கோவியைத் தவிர மற்றவை பறக்கிறேன் என்று இறக்கையடித்தாலும் வேலி உயரத்தைத் தாண்டாது. முட்டையும் தரையில்தான். கால் பலவீனமானது, ஓட வராது. தண்ணீரில் இருக்கும் வரை அது ராஜா. கரையேறிவிட்டால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். சில நாட்களில் வாத்துக் கூட்டம் கூப்பிட்டாலும் கரையேறாமல் குளத்திலேயே இரவைக் கழிக்கப் பார்க்கும். அதுவும் பாதுகாப்பில்லை. விடியற்காலையில் புல்லில் ஏறி ஒதுங்கும்போது காத்திருப்பவன் காத்திருப்பான்.

இந்தப் பயம் புதிதல்ல. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், மாலை நேரத்தில் வேலியோரம் வந்த வெருகைக் கண்டு வீட்டுக் கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைப்பதைப் பாடியிருக்கிறார். வெருகு என்றால் காட்டுப்பூனை. வேலி, மாலைப் பொழுது, பூனை, பதறும் தாய்க்கோழி. இடம் வங்கமாக மாறினாலும் படம் மாறவில்லை. வங்கக் குழந்தைகளுக்கோ திருடன் நரிதான். சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய்சவுத்ரி 1910-ல் வெளியிட்ட 'துன்துனிர் பொய்' கதைத் தொகுப்பில் ஒரு நரி வாத்தியார் வருகிறார். முதலை தன் ஏழு குட்டிகளையும் அவரிடம் படிக்க விடுகிறது. நாளுக்கொன்றாகத் தின்றுவிட்டு, மிச்சமிருக்கும் குட்டியையே திரும்பத் திரும்பக் காட்டி ஏழு என்று கணக்கை நேர் செய்கிறார் வாத்தியார். ஒவ்வொரு காலையும் வாத்தை எண்ணுகிற பெண்களுக்கு இந்தக் கதையில் சிரிப்பு வருமா என்பது சந்தேகம்.

தடயம் சொல்லும் கதை

காலையில் கூடு காலியாக இருந்தால் முதல் வேலை நரியைத் திட்டுவது. ஆனால் எல்லாக் குற்றமும் நரியுடையதல்ல. யார் வந்தது என்று தெரியாமல் போடும் வேலி, நோய் தெரியாமல் கொடுக்கும் மருந்து மாதிரி.

நரி முழுப் பறவையைத் தூக்கிக்கொண்டு போகும். கூட்டின் அடியில் புதிதாகப் பறித்த மண், அங்கிருந்து புதர்வரை சிதறிய இறகு. இதுதான் அதன் கையெழுத்து. கீரியின் வேலை வேறு மாதிரி. சின்ன ஓட்டை வழியாக நுழைந்து கழுத்திலும் தலையிலும் கடித்துவிட்டு, உடலை இழுத்துக்கொண்டு வெளியேற முடியாமல் விட்டுப் போகும். நான்கைந்து வாத்து செத்துக் கிடக்கும், ஒன்றைக்கூடத் தின்றிருக்காது. "கீரி ரத்தத்தைக் குடித்துவிட்டது" என்று கிராமத்தில் சொல்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் குடிப்பதில்லை. அடைபட்ட இடத்தில் பறவைகள் பதறி இறக்கையடிக்க, அசைகிற ஒவ்வொன்றையும் கடிக்கத் தோன்றுகிறது. அவ்வளவுதான்.

மரநாயும் காட்டுப்பூனையும் மேலே இருந்து வரும். சுவரை ஏறி, கூரை ஓலையை விலக்கி இறங்கும். இரவுக்கு ஒன்றாக எடுக்கும். ருசி கண்டுவிட்டால் மறுநாளும் வரும். உடும்பு பகல் திருடன். முட்டையையும் சின்னக் குஞ்சையும் அப்படியே விழுங்கிவிட்டு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சாரைப்பாம்பும் அப்படித்தான். சில சமயம் விழுங்கிய வயிற்றோடு வந்த ஓட்டையில் திரும்ப நுழைய முடியாமல் காலையில் கூட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். திருடன் கையும் களவுமாகப் பிடிபடுவது அப்போது மட்டும்தான். காக்கையும் பருந்தும் குஞ்சுகளுக்கு எமன், வளர்ந்த வாத்தைத் தொடாது. பெருச்சாளி குஞ்சைத் தின்பதோடு நிற்காமல் கூட்டுக்கடியில் வளை தோண்டி வைக்கும். அந்த வளையில் பிறகு யார் வேண்டுமானாலும் வரலாம்.

கடைசியாகத் தெருநாய். எல்லோரும் மறந்துவிடுகிற குற்றவாளி இதுதான். பட்டப்பகலில் வந்து, பசிக்காக அல்லாமல் விளையாட்டுப்போலத் துரத்தி, கடித்துப் போட்டுவிட்டுப் போகும். காட்டு மிருகத்தின் பெயரில் எழுதப்படும் கணக்கில் கணிசமானது நாயுடையதாக இருக்கலாம். ஆனால் நாய் பக்கத்து வீட்டுக்காரருடையது. நரியைத் திட்டினால் சண்டை வராது.

கோழி வலை காவல் அல்ல

வேலி போடுகிறவர்கள் முதலில் வாங்குவது கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் கோழி வலை. பெயரே சொல்கிறது, அது கோழியை உள்ளே வைப்பதற்கான வலை. மற்றவரை வெளியே வைப்பதற்கானதல்ல. மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னியது. நாயோ நரியோ பல்லால் பற்றி இழுத்தால் ஓர் இடத்தில் அறுந்து, பின்னல் பிரிந்துகொண்டே போகும். மழைக்காலம் இரண்டைப் பார்த்த வலையாக இருந்தால் விரலால் கிழிக்கலாம். நைலான் மீன் வலை அதைவிட மோசம். பாம்பு சிக்கிச் சாகும், கீரி கடித்துக்கொண்டு உள்ளே போகும்.

இதில் ஒரு வேடிக்கை. சுந்தரவனத்தில் புலி ஊருக்குள் வராமல் இருக்கக் காட்டோரம் வனத்துறை கட்டியிருப்பது நைலான் வலைதான். புலி நினைத்தால் ஒரே அறையில் கிழித்துவிடலாம். ஆனால் பழக்கமில்லாத தடையைக் கண்டு பெரும்பாலும் ஒதுங்கிப் போகிறது. வலை வந்தபின் ஊருக்குள் புலி நுழைவது குறைந்தது. 2020 மே மாதம் அம்பன் புயலில் வலை பல இடங்களில் பிய்ந்ததும் வனத்துறை பதறிப்போய்ச் சரி செய்தது. புலிக்குப் போதுமான அந்த வலை கீரிக்குப் போதாது.

வேண்டியது கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைக்கப்பட்ட வெல்டு மெஷ். அரை அங்குலக் கண் இருந்தால் கீரியும் பாம்பும் பெருச்சாளியும் நுழைய முடியாது. கடைக்காரரிடம் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெல்லியது. 22 என்பது 16-ஐவிடப் பலமானது என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். துத்தநாகப் பூச்சு இல்லாத வலை கடலோரத்து உப்புக் காற்றில் சீக்கிரமே துருவாகிவிடும்.

சுவர் முழுக்க வலை போடுவதும் தவறு. வாத்து தரையில், சுவரோரமாகப் படுக்கும். கண் பெரிதாக இருந்தால் வெளியே நிற்கும் நரி உள்ளே நுழையவே வேண்டாம். வலையோடு ஒட்டியிருக்கும் காலையோ கழுத்தையோ பற்றி இழுத்தால் போதும். காலையில் தலையில்லாத வாத்தைப் பார்த்து, பூட்டிய கூட்டுக்குள் எப்படி என்று திகைத்து, பேய் பிசாசு வரைக்கும் பேச்சுப் போகும். தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குச் சுவர் அடைப்பாக இருக்க வேண்டும். செங்கல், பலகை, தகரம் எதுவானாலும் சரி. களிமண் மட்டும் என்றால் பெருச்சாளிக்கு விருந்து. அடைப்புக்கு மேலேதான் வலை. வாத்தின் மூச்சிலும் எச்சத்திலும் ஈரம் அதிகம், காற்று இல்லாமல் அடைத்தால் திருடனிடமிருந்து தப்பிய வாத்து நோயில் போகும்.

சுவரையும் வலையையும்விட முக்கியமானது யாருமே பார்க்காத இடம். தரை. நரி வேலியை ஏறிக் குதிப்பதைவிட அடியில் தோண்டுவதைத்தான் விரும்பும். தோண்டுவது எங்கே? வேலியின் காலடியில், மூக்கு வலையில் இடிக்கிற அதே இடத்தில். இரண்டடி பின்னால் போய்த் தோண்டினால் அடியில் நுழையலாம் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. இந்த ஒரு பலவீனத்தை வைத்தே அதைத் தோற்கடிக்கலாம். வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடக்கி, இரண்டடி அகலத்துக்குத் தரையில் பாய்போல விரித்து, முளை அடித்து, மேலே மண்ணோ செங்கல் துண்டோ போட்டுவிட வேண்டும். புல் முளைத்தால் தெரியவே தெரியாது. நரி வரும், வேலியோரம் பறிக்கும், நகம் கம்பியில் மாட்டும். கொஞ்சம் தள்ளிப் பறிக்கும். அங்கும் கம்பி. ஓரடிக்கும் மேல் பள்ளம் வெட்டி வலையைப் புதைப்பது இன்னொரு வழி. ஆனால் வங்கத்துத் தாழ்நிலங்களில் ஓரடி தோண்டினால் தண்ணீர் வருகிறது. விரித்துப் போடுவதே அங்கே புத்திசாலித்தனம்.

கொல்லை முழுவதையும் இப்படி அடைக்க யாரால் முடியும்? முடியாது, தேவையும் இல்லை. பத்து வாத்துக்கு இரவுக் கூடு என்றால் ஒன்றுக்கு 4 சதுர அடி வீதம் 40 சதுர அடி. எட்டடிக்கு ஐந்தடி. சுற்றளவு 26 அடி. சுவர் உயரம் நான்கடி என்று வைத்தால் கீழ் இரண்டடி அடைப்பு, மேல் இரண்டடி வலை. வலை 52 சதுர அடி. வெளியே விரிக்கும் பாய், நான்கு மூலைகளையும் சேர்த்து 68 சதுர அடி. மொத்தம் 120. கூரை தகரமென்றால் அதற்கு வலை வேண்டாம், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைத்தால் போதும். அரை ஏக்கர் கொல்லையைச் சுற்றி மட்டமான வேலி போட்டு, அதை நம்பி நிம்மதியாகத் தூங்குவதைவிட இந்த 40 சதுர அடியை உருப்படியாகக் கட்டுவது மேல்.

கதவு தனிக் கதை. எவ்வளவு நல்ல கூடானாலும் கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் கீரிக்கு அது ராஜபாட்டை. மூங்கில் கழியைச் செருகுவது தாழ்ப்பாள் ஆகாது, நாய் மூக்கால் முட்டியே தள்ளிவிடும். கொக்கி போட்டு அதற்கு மேல் ஒரு ஆணியைச் செருகும் ஏற்பாடு சில ரூபாய்களில் முடிகிற காரியம். கதவுக்கு அடியில் மண்ணுக்குப் பதிலாக ஒரு கல் நிலைப்படி இருப்பதும் அவசியம். வாத்து தினமும் நடந்து நடந்து அந்த இடத்தில் மண் கரைந்து பள்ளமாகும், பள்ளம் வழியாகிவிடும்.

வெள்ளம் வரும் ஊர்களில் கூட்டைக் கால் நட்டு உயர்த்திக் கட்டுகிறார்கள். அசாமில் பிரம்மபுத்திரா ஒவ்வொரு ஆண்டும் கொல்லைக்குள் வந்துவிட்டுப் போகிறது. உயர்ந்த கூட்டில் தோண்டும் பிரச்சினை தானாகவே தீர்ந்துவிடும். ஆனால் தரைக்கு மூங்கில் பிளாச்சு போடும்போது நடுவே விடும் இடைவெளி புதிய பிரச்சினை. எச்சம் கீழே விழட்டும் என்று இரண்டு அங்குலம் விட்டால், கீழிருந்து ஒரு கை மேலே வரும். பிளாச்சுக்குக் கீழே வலை அடிக்க வேண்டும். வாத்து ஏறி வரும் சாய்பலகையை இரவில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திருடனுக்கும் அதே படிக்கட்டு. மண்ணில் நட்ட மூங்கில் ஓரிரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. கரையான் தின்ற காலை வெளியே பார்த்தால் தெரியாது, தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

குட்டநாட்டுக்காரர்களிடம் போய் இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள். கேரளத்தின் அந்தக் காயல் பூமியில் அறுவடை முடிந்த வயல்களில் ஆயிரக்கணக்கான வாத்துகளை ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நிரந்தரக் கூடு ஏது? இரண்டு மூன்றடி உயர நைலான் வலையை வளைத்துக் கட்டி, பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள். அங்கே மனிதனே வேலி. அவர்களுக்கு நரியைவிடப் பெரிய பயம் பறவைக் காய்ச்சல். 2014-லும் 2021-லும் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகள் கூட்டம் கூட்டமாகக் கொன்று எரிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். எட்டு வாத்து வைத்திருக்கும் வங்கத்துப் பெண்ணோ இரவெல்லாம் குளக்கரையில் படுத்திருக்க முடியாது. காலையில் அவளுக்கு வேறு நூறு வேலை.

மலிவான வழியின் விலை

கூட்டைச் சரி செய்யாதபோது கோபம் வேறு வழி தேடுகிறது. செத்த வாத்தின் மேல் பூச்சிமருந்தைத் தெளித்து வேலியோரம் போட்டு வைப்பது ஒன்று. வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக் கம்பியில் பாய்ச்சுவது இன்னொன்று. இரண்டுமே குறி பார்த்து அடிப்பதில்லை.

2022 மார்ச் மாதம் அசாமின் காமரூப் மாவட்டத்தில் சாய்காவ் அருகே ஒரே இடத்தில் நூற்றுக்குச் சற்றுக் குறைவான பிணந்தின்னிக் கழுகுகள் செத்துக் கிடந்தன. விஷம் தோய்ந்த ஆட்டுச் சடலத்தைத் தின்றதே காரணம் என்று வனத்துறை சந்தேகித்தது. கழுகைக் கொல்ல யாரும் ஆட்டுச் சடலத்தில் விஷம் வைப்பதில்லை. நாயையோ நரியையோ நினைத்து வைத்தது எங்கோ போய் முடிந்தது. நாடு முழுவதும் கழுகுகளைக் காப்பாற்ற இனப்பெருக்க மையங்கள் வைத்துப் பாடுபடும் காலத்தில், ஒரே நாளில் அத்தனை கழுகுகள்.

மின்கம்பி இன்னும் கொடியது. இருட்டில் கூட்டைப் பார்க்க வரும் வீட்டுக்காரியையும், பந்தெடுக்க வரும் பக்கத்து வீட்டுப் பையனையும் அது நரியிலிருந்து பிரித்துப் பார்க்காது. விவசாயப் பண்ணைகளில் போடும் சோலார் வேலி இதுவல்ல. அது ஒரு கருவி மூலம் நொடிக்கு ஒருமுறை கணநேரம் மட்டும் அதிர்வைத் தந்து விரட்டும், கொல்லாது. வீட்டு லைனிலிருந்து இழுத்த கம்பி பிடித்தால் விடாது. மனித உயிர் போனால் கொலைக்குச் சமமான வழக்கு வரும்.

விலங்கைக் கொன்றாலும் சட்டம் சும்மா இருக்காது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மீன்பிடிப் பூனையும் உடும்பும் இருக்கின்றன. அட்டவணையில் உள்ளதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022-ல் திருத்தப்பட்டபின் அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். நரி, கீரி, மரநாய் எல்லாமே சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கின்றன. வாத்தை இழந்தவருக்கு இது அநியாயமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. தன் சொத்தைத் தின்றவனுக்கு அரசாங்கம் வக்கீல் வைத்தது போலத்தான் இருக்கும்.

இந்தக் கோபத்துக்கு அதிகம் பலியாவது மீன்பிடிப் பூனை. வங்காளிகள் 'பாக்ரோல்' என்பார்கள். வீட்டுப் பூனையைப்போல இரண்டு மடங்கு, உடம்பெல்லாம் புள்ளி, விரல்களுக்கு நடுவே பாதிச் சவ்வு. நாணலும் சதுப்பும்தான் வீடு. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கு என்ற கௌரவம் அதற்கு உண்டு. உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ள இனம் என்று சர்வதேசப் பட்டியலில் இடமும் உண்டு. இதெல்லாம் ஹவுராவின் நாணல் காட்டில் அதற்கு உதவுவதில்லை. புள்ளியைப் பார்த்ததும் "சிறுத்தை!" என்று கூக்குரல். பிறகு கழி, கல், கூட்டம்.

அதன் முதல் உணவு மீன். ஆனால் சதுப்பு நிலம் சுருங்கி, நாணல் காடு செங்கல் சூளையாகவும் தொழிற்சாலையாகவும் மாறும்போது, குளத்துக்கும் வாத்துக் கூட்டுக்கும் வந்துவிடுகிறது. ஹவுராவில் இந்தப் பூனைகளை ஆராய்ந்துவரும் உயிரியலாளர் தியாசா ஆத்யா போன்றவர்கள் வன எல்லைக்கு வெளியே, வீட்டுக் கொல்லைகளில் அலைவதும் அதற்காகத்தான். பூனை இருப்பது சரணாலயத்தில் அல்ல, குளக்கரையில். ஒரிஸாவின் சிலிகா ஏரியில் 2022-ல் எடுத்த கணக்கெடுப்பு 176 மீன்பிடிப் பூனைகள் இருப்பதாக மதிப்பிட்டது. பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு வெளியே இப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்தது அதுவே முதல் முறை.

பூனையைக் காப்பாற்ற கூட்டம் போடுவதற்கும் சுவரொட்டி ஒட்டுவதற்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை வெல்டு மெஷ் வாங்கக் கொடுத்தால் அதே பலன் கிடைக்கும் என்று தோன்றுகிறது. வாத்து பத்திரமாக இருக்கிற வீட்டில் பூனைமேல் கோபம் தங்குவதில்லை.

வேலி போட்டாலும் அன்றாடப் பழக்கம் இல்லாவிட்டால் பயனில்லை. பெரும்பாலான இழப்புகள் ஒரு நாள் தாமதமாகக் கதவடைத்த மாலையில்தான் நடக்கின்றன. கல்யாணத்துக்குப் போய் இருட்டியபின் திரும்புகிற நாள், உடம்பு சரியில்லாத நாள். விளக்கு எரிய விட்டால் நரி வராது என்பதையும், ரேடியோ பாட விட்டால் பூனை வராது என்பதையும் நம்ப முடியாது. இரண்டு நாள் தயங்கும். மூன்றாம் நாள் அந்த வெளிச்சத்திலேயே வேலையைப் பார்க்கும். சிந்திய தீவனமும் கூட்டருகே எறிந்த மீன் கழிவும் முதலில் எலியை அழைக்கும், எலி மற்றவர்களை.

காலையில் திறப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. வாத்து முட்டையிடுவது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும். ஒன்பது மணிக்குள் கிட்டத்தட்ட எல்லா முட்டையும் வந்துவிடும். விடிந்ததும் அவசரமாகத் திறந்துவிட்டால் குளக்கரைப் புல்லிலும் வரப்பிலும் முட்டையிட்டுவிட்டுப் போகும். அது உடும்புக்கும் காக்கைக்கும். எட்டரை, ஒன்பது மணிவரை பூட்டியே வைத்தால் முட்டையும் கைக்கு வரும், விடியற்காலையில் திரும்பிப் போகிற நரியின் கண்ணிலும் படாது. ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடக்கூடிய காக்கி கேம்பலானாலும், நூறைத் தொடவே சிரமப்படும் அசாமின் நாட்டுப் 'பாத்தி' வாத்தானாலும் இந்த விதி ஒன்றுதான்.

குஞ்சுகளுக்குத் தனிக் காவல் வேண்டும். முதல் மூன்று நான்கு வாரம் பகலிலும் மேல்மூடி இல்லாமல் விடக்கூடாது. வங்கத்தில் சில வீடுகளில் மீன் பிடிக்கும் மூங்கில் கூடையான 'போலோ'வையே கவிழ்த்து அதற்குள் விடுகிறார்கள். பருந்துக்கும் காக்கைக்கும் அது போதும். அடைகாத்தது பெரும்பாலும் கோழியாக இருக்கும். தான் பொரித்த குஞ்சுகள் தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக் கரையில் அது படும் பாடு வேறு.

திருடனைச் சமாளித்தவுடன் வாத்து நூறு வயது வாழும் என்றும் இல்லை. வாத்துப் பிளேக் ஒரே வாரத்தில் கூட்டத்தைக் காலி செய்யும். எட்டு வார வயதுக்கு மேல் போடும் தடுப்பூசி அதற்கு இருக்கிறது. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு கோழியைவிட வாத்தைச் சீக்கிரம் கொல்லும். காலையில் காயமில்லாமல் செத்துக் கிடக்கும் வாத்துக்கு நரியையோ கீரியையோ குற்றம் சொல்லாமல் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போக வேண்டும்.

மழை ஓய்ந்து, துர்கா பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும் நாட்களில் கூட்டையும் ஒருமுறை சுற்றி வருவது நல்லது. வெள்ளம் வடிந்த மண் வேலியடியில் இறங்கியிருக்கும். விரித்த வலையின் ஓரம் ஓரிடத்தில் தூக்கியிருக்கும். கூட்டின் பின்பக்கம், வாழைச் சருகு குவிந்து யாரும் போகாத மூலையில்தான் அநேகமாக அந்த ஓட்டை இருக்கும்.